பாலைவன மலையில் பறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாலைவன மலைகளில் பாராகிளைடிங், அதாவது துணிச் சிறகில் தொங்கிக்கொண்டு பறப்பது பற்றி எழுதியிருந்தேன். கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, சிலே நாட்டின் இக்கீக்கே, இரண்டுமே பாலைவனம்தான், ஆனால் முதலாவது முரடு, இரண்டாவது சாது என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று விளக்குவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. அதற்கு வந்த கடிதங்களில் சில இங்கே. "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இதழ் கைக்கு வருவதற்குள் டிக்கெட் விலை மாறிவிடும் என்பதால் அந்தக் கடிதங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குளுகுளு மலைகள் இத்தனை இருக்க, வெந்துபோன பாறையையும் மணலையும் தேடிப்போய் எதற்குப் பறக்கிறார்கள்? வேறு வேலை இல்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

வேலை இருப்பவர்கள்தான் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள் சார்!

பாராகிளைடரில் இன்ஜின் கிடையாது. காற்று சும்மா இருந்தால் அது விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலாகவே இறங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் கால் மணி நேரத்தில் தரையில் நிற்பீர்கள். அதற்குமேல் பறக்க வேண்டும் என்றால் மேலே ஏறுகிற காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள்ளேயே வட்டமடிக்க வேண்டும். தெர்மல் என்கிறோமே, அதுதான். பச்சை பூமியில் வெயிலின் பெரும்பங்கு இலையிலும் ஈர மண்ணிலும் உள்ள தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், காற்றைச் சூடாக்க மிச்சம் குறைவு. பாலைவனத்தில் அந்தச் செலவே இல்லை. விழுகிற வெயில் அத்தனையும் பாறைக்குப் போய், பாறை அதைத் தன்மேல் கிடக்கும் காற்றுக்குக் கொடுத்து, அந்தக் காற்று உலையின் அடியிலிருந்து குமிழி கிளம்புவதுபோலப் பிய்த்துக்கொண்டு மேலே போகிறது. மலைச்சரிவு என்றால் இன்னும் விசேஷம். சூரியனுக்கு முகம் காட்டி நிற்பதால் தரை சுடுவதற்கு முன்னாலேயே சரிவு சுட்டுவிடும்.

அடுத்தது, அந்தக் குமிழி எவ்வளவு தூரம் ஏறும் என்பது. ஈரமில்லாத காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். எந்த உயரத்தில் அதிலுள்ள ஈரம் திவலையாகிறதோ அங்கே மேகம் கட்டும். நம் ஊரில் ஈரம் அதிகம், அதனால் மேகமும் தாழ்வு. ஓவன்ஸில் கோடையில் மேகத்தின் அடிப்பாகம் 17, 18 ஆயிரம் அடியில் இருக்கும், பல நாள் மேகமே இருக்காது. அமெரிக்காவில் 18,000 அடிக்கு மேல் இருக்கும் வானம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியோடு பறக்கும் விமானங்களுக்கு உரியது, நமக்கு அங்கே இடமில்லை. ஒரு துணியையும் கொஞ்சம் நூலையும் வைத்துக்கொண்டு அந்த வரம்பை முட்டி, "போதும்" என்று இறங்கிவர வேண்டிய நிலைமை உலகத்தில் சில இடங்களில்தான் வாய்க்கும்.

காட்சிக்காகப் போகவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஒரு பக்கம் 4,421 மீட்டர் விட்னி சிகரம், எதிர்ப்பக்கம் 4,344 மீட்டர் ஒயிட் மவுன்டன், நடுவே மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பள்ளத்தாக்கு. தெற்கே வெள்ளைத் தட்டாகத் தெரிவது ஓவன்ஸ் ஏரி. 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கொண்டுபோனது, அதோடு ஏரி வற்றி உப்பும் புழுதியுமாகிவிட்டது. மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். காற்றடிக்கிற நாளில் கீழே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

போன இதழ்ப் படத்தில், பாலைவனத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் காஷ்மீருக்குப் போகிற மாதிரி ஜாக்கெட், கையுறை சகிதம் நின்றார்களே. தவறான படமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

படம் சரிதான் அம்மா. மேலே சொன்ன 10 டிகிரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் லோன் பைன் ஊரில் 40 டிகிரி வெயில் என்றால், அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே தெர்மலின் உச்சியில் உறைநிலை. கையுறை இல்லாமல் போனால் விரல் மரத்து, கையால் இழுக்கும் பிரேக் கயிற்றைப் பிடிக்க வராது. அதனால் டேக்-ஆஃப் மேட்டில் வெயிலில் வெந்துகொண்டே ஜாக்கெட்டின் ஜிப்பைக் கடைசி நிமிடத்தில் இழுத்துவிட்டு ஓடுவார்கள். சிலர் மூக்கில் ஆக்சிஜன் குழாயும் மாட்டியிருப்பார்கள். அது பந்தா இல்லை. நான்காயிரம் மீட்டருக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் மூளை மந்தமாகும், ஆனால் மந்தமானது உங்களுக்கே தெரியாது, காரணமே இல்லாமல் உற்சாகமாக இருக்கும். அந்த உற்சாகத்தில் எடுக்கிற முடிவுகள்தான் பயம்.

இமாச்சலில் பீர் பில்லிங்கில் டேண்டம் (பைலட்டோடு சேர்ந்து பயணியாக) பறந்துவிட்டு வந்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. இக்கீக்கேயிலும் டேண்டம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். பாலைவனம் ஆபத்து என்கிறார்கள், அது மட்டும் எப்படிச் சாது?
– ஒரு வாசகி, கோவை

கடல்தான் காரணம், அதுவும் குளிர்ந்த கடல்.

அட்டகாமா பாலைவனத்தின் விளிம்பில் பசிபிக் கரையோரமாக இருக்கும் ஊர் இக்கீக்கே. கரையை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. அந்த நீரின்மேல் கிடக்கும் காற்று குளிர்ச்சி, அதற்கு மேலே இருப்பதோ வெப்பமான காற்று. கீழே குளிர்ச்சியும் மேலே வெப்பமும் என்றால் மூடி போட்ட மாதிரி ஆகிவிடும், எந்த தெர்மலும் அதைக் கிழித்துக்கொண்டு ஐயாயிரம் மீட்டருக்குப் போகாது. மழை அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதற்கும் அந்த மூடிதான் காரணம். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் பெய்தாலே அந்த ஊருக்குப் பெரிய செய்தி. மூடிக்கு அடியில் தங்குகிற பனிமூட்டத்தை அங்கே கமஞ்சாகா என்பார்கள், குளிர்காலத்தில் அது டேக்-ஆஃபையே மறைத்துவிடும் நாட்களும் உண்டு.

ஊருக்கு முதுகுப் பக்கம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் மலைவிளிம்பு, அதன் உச்சியில் ஆல்ட்டோ ஓஸ்பிசியோ என்று இன்னொரு ஊர். காலையில் வெயில் ஏற ஏற பாலைவனம் சுடுகிறது, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது, வந்த காற்று அந்தச் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. தினமும் ஒரே மாதிரி, ஏறத்தாழ ஒரே நேரத்துக்கு. உலகம் முழுவதிலிருந்தும் பைலட்கள் தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து அங்கே போய் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். கிளம்பினால் முதலில் செர்ரோ திராகோன் என்கிற பிரம்மாண்டமான மணல்மேடு. நகரத்துக்கும் மலைக்கும் நடுவில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றை மணல்மேடு படுத்துக்கிடக்கிறது, அதன் முதுகுக் கோட்டின் மேலாகவே பறந்துபோகலாம். அப்புறம் வீடுகள், அடுக்குமாடிகள், கடைசியில் பிளாயா பிராவா கடற்கரையில், நடைப்பயிற்சி போகிறவர்களுக்குப் பக்கத்தில், மணலில் இறங்கலாம். டேண்டம் பயணிகளைக் கூட்டிப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சாது என்றேன், ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. டேக்-ஆஃபுக்கும் கடற்கரைக்கும் நடுவே இருப்பது ஒரு முழு நகரம், மின்கம்பிகளோடு. உயரம் போதாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் இறங்க இடம் தேடுவது கஷ்டம். மதியத்துக்கு மேல் விளிம்பின் உச்சியில் காற்று நெருக்கிக்கொண்டு வேகமெடுக்கும், அங்கே தாழ்வாக இருந்தால் பின்பக்கம் தள்ளிவிடும். பின்பக்கம் என்றால் சுழல். டேண்டத்தில் இதையெல்லாம் பைலட் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "ஓடு" என்று அவர் சொன்னால் ஓட வேண்டும், உட்கார்ந்துவிடக் கூடாது. பீர் பில்லிங்கிலும் இதைச் சொல்லியிருப்பார்களே?

சான் ஹோசேயில் ஐடி வேலை. இந்த வருடம்தான் பயிற்சி முடித்து பி-2 ரேட்டிங் (புதிய பைலட்டுக்கான சான்று) வாங்கினேன், கடற்கரைக் குன்றுகளில் நிறையப் பறந்திருக்கிறேன். ஜூலையில் நண்பர்களோடு ஓவன்ஸ் போகத் திட்டம். வால்ட்ஸ் பாயின்ட்டிலிருந்து பிஷப் ஊர் வரை ஒரே மூச்சில் போய்விடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். டிப்ஸ் வேண்டும்.
– ஒரு வாசகர், கலிஃபோர்னியா

முதல் டிப்ஸ்: போகாதீர்கள் தம்பி. குறைந்தபட்சம் ஜூலையில் வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. லோன் பைனுக்கு மேலே ஏறத்தாழ 9,000 அடியில் இருக்கும் வால்ட்ஸ் பாயின்ட்டிலிருந்து கிளம்பி, சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவை ஒட்டியே வடக்கே போய், பிறகு பள்ளத்தாக்கைக் கடந்து ஒயிட் மலைகளுக்கு மாறி, பிஷப்பையும் தாண்டிப் போனவர்கள் எழுபதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறார்கள். அன்றைக்கு ஹாங் கிளைடரில் போனார்கள். 1993-இல் உலக ஹாங் கிளைடிங் சாம்பியன்ஷிப்பையே அங்கே நடத்தினார்கள். ஆனால் ஹாங் கிளைடருக்கு அலுமினியச் சட்டம் உண்டு. உங்கள் கையில் இருப்பது காற்றழுத்தத்தால் மட்டும் உருவம் பிடித்து நிற்கும் துணி, கலங்கலான காற்றில் அது ஒரு பக்கம் மடிந்துவிடும். அதைத்தான் கொலாப்ஸ் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கடற்கரைக் குன்றில் நீங்கள் அதைப் பார்த்திருக்கவே வாய்ப்பு குறைவு, அங்கே காற்று இஸ்திரி போட்ட மாதிரி வரும். ஓவன்ஸில் அது வருமா என்று கேட்கவே வேண்டாம், எத்தனை தடவை வரும் என்றுதான் கேட்க வேண்டும்.

அங்கே ஒரு கோடை நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். சரிவு கிழக்கு பார்த்தது, அதனால் விடிந்ததிலிருந்து வெயில். ஏழு, எட்டு மணிக்கு டேக்-ஆஃபில் கட்டியிருக்கும் ரிப்பன் தொங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு சின்ன மூச்சு மேல்நோக்கி வரும், அடங்கும். அரைமணிக்கு ஒரு தடவை அந்த மூச்சு கொஞ்சம் நீளமாகும், இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி குறையும். அனுபவசாலிகள் விங்கை, அதாவது துணிச் சிறகை விரித்துவைத்துக்கொண்டு இந்த இடைவெளியைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பத்து, பதினொரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அதற்கு மேல் ரிப்பன் ஒரு பக்கமும் புழுதி இன்னொரு பக்கமுமாகப் போகும். கிளம்புவதும் உங்கள் கடற்கரை மாதிரி இல்லை. அந்த உயரத்தில், அந்த வெப்பத்தில், காற்று மெலிசு. கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிக வேகத்தில் ஓடினால்தான் விங் உங்களைத் தூக்கும், அதுவும் சரளைக் கல்லில். பாதி ஓட்டத்தில் ஹார்னெஸில் (விங்கிலிருந்து தொங்கும் இருக்கையில்) உட்கார்ந்தவர்களின் முழங்கால்களைக் கேளுங்கள், கதை சொல்லும்.

மதியம் தெர்மல் விநாடிக்கு ஆறு, எட்டு மீட்டர் வேகத்தில் ஏறும். ஏற்ற இறக்கத்தை ஒலியால் சொல்லும் வேரியோ கருவி அலறும். அவ்வளவு வேகமாக ஏறுகிற காற்றின் விளிம்பில் அதே வேகத்தில் இறங்குகிற காற்றும் இருக்கும், ஒரு விங்கின் ஒரு பாதி இதிலும் மறுபாதி அதிலும் இருக்கிற கணத்தை யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம்தான் உண்மையான பிரச்சினை. பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் காற்று சியராவின் முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கொட்ட ஆரம்பிக்கும். முகட்டுக்குப் பின்னால் இருக்கும் நீங்கள் ரோட்டர் எனப்படும் சுழலுக்குள் இருப்பீர்கள். கீழே பள்ளத்தாக்கில் தெற்குக் காற்று எழும்பும், சில நாள் உங்கள் கிளைடரின் வேகத்துக்கும் மேலேயே அடிக்கும். உங்கள் விங் மணிக்கு 36, 38 கிலோமீட்டர் போகும், காற்று 45-இல் அடித்தால் இறங்குவது பின்னோக்கித்தான்.

சியராவின் இந்தக் குணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1950-களில் விஞ்ஞானிகள் மலைக்குப் பின்னால் எழும் காற்றலையை ஆராய பிஷப்பை மையமாக வைத்து இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்களில் பறந்தார்கள். 1952-இல் அந்த அலையிலேயே 44,255 அடிக்கு ஏறி உலக சாதனை படைத்த இருவரில் ஒருவர் லாரி எட்கர். அதே மனிதரின் கிளைடர் 1955-இல் அதே இடத்து ரோட்டரில் துண்டு துண்டாக உடைந்தது, பாராசூட்டில் தப்பினார். துணி விங் இல்லை அது, பலமாகக் கட்டிய விமானம். 2007-இல் ஸ்டீவ் ஃபாசெட் தனியாகச் சிறு விமானத்தில் நெவாடாவிலிருந்து கிளம்பிக் காணாமல் போனார், மறு வருடம்தான் பிஷப்புக்கு வடமேற்கே மம்மத் லேக்ஸ் பக்கத்து மலையில் மிச்சங்கள் கிடைத்தன. விமானம் ஏறக்கூடிய வேகத்தைவிடக் கீழிறங்கும் காற்றின் வேகம் அதிகமாக இருந்ததுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர், 2006-இல் கிளைடர் விமானத்தில் 15 ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி சாதனை படைத்தவர். அவருக்கே அந்த மலை அப்படித்தான் பதில் சொன்னது.

பயமுறுத்தியது போதும். போயே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஏரிக்கு மேல் நடத்துகிற எஸ்.ஐ.வி. பயிற்சியில், கொலாப்ஸ் வந்தால் கை என்ன செய்ய வேண்டும் என்று பழகுங்கள். உள்நாட்டு மலைகளில், சுமாரான தெர்மலில் ஒரு சீசன் முழுக்கப் பறங்கள். அதற்குப் பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபரில், ஓவன்ஸைத் தெரிந்த ஒரு சீனியர் பைலட்டோடு போங்கள். அதிகாலையில் கிளம்பி நேராகக் கீழே இறங்கி, பதினொரு மணிக்கு லோன் பைனில் பான்கேக் சாப்பிடுங்கள். சியராவைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே மத்தியானத்தைக் கழியுங்கள். புழுதிச் சுழல்கள் எங்கே எழும்புகின்றன, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள். ஊர்ப்பக்கம் பேய்க்காற்று என்று ஒதுங்கி நிற்போமே, அதேதான், இங்கே நூறு, இருநூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். மேகம் இல்லாத வானத்தில் தெர்மல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான், இறங்கும்போது இருபது மீட்டர் உயரத்தில் விங்கைப் பிடுங்கிப் போடுவதும் அதுதான். பழகிய பைலட்கள் மேலிருந்து அதைத் தேடிப் போவார்கள், தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தலைதெறிக்க விலகுவார்கள்.

சாட்டிலைட் மெசஞ்சர் வாங்காமல் போகாதீர்கள். 395 நெடுஞ்சாலையை விட்டு விலகினால் பல இடங்களில் போனில் சிக்னல் கிடைக்காது. பிஷப் எங்கேயும் ஓடிப்போகாது, அந்த நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

பாராகிளைடரை மேகம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, உண்மையா, யூடியூப் கதையா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

உண்மை. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், உலகப் போட்டிக்கு முந்தைய பயிற்சியில், ஜெர்மன் அணியின் எவா விஸ்னியெர்ஸ்காவை ஒரு இடிமேகம் 9,946 மீட்டருக்கு, அதாவது எவரெஸ்ட்டை விட உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அரைமணி நேரத்துக்கு மேல் நினைவிழந்து, உடம்பெல்லாம் பனி படிந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே நாள் அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை.

மனில்லா பாலைவனம் இல்லை, அங்கே மேகம் எச்சரிக்கையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பாலைவனத்தில் இன்னொரு வகை உண்டு, எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்காவின் தென்மேற்கிலும் ஒரு பருவமழை உண்டு. மேகத்திலிருந்து மழை விழுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் தரையைத் தொடுவதற்குள் காய்ந்த காற்றில் ஆவியாகிவிடும், சாம்பல் நிறத்தில் கிழிந்த திரை தொங்குகிற மாதிரி இருக்கும். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது, குளிர்ந்த காற்று கனம், அப்படியே பொத்தென்று கீழே விழுந்து நாலாபக்கமும் பாய்கிறது. நீங்கள் வெயிலில் பறந்துகொண்டிருக்கிறீர்கள், மேகம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, மழை ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லை, ஆனால் புழுதிச் சுவர் ஒன்று உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். அந்தச் சாம்பல் திரை எங்கே தெரிந்தாலும் இறங்கிவிட வேண்டும். "இன்னும் ஒரு தெர்மல்" என்று யார் ரேடியோவில் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஷார்ஜாவில் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் மணல்மேட்டுப் பக்கம் போனால் முதுகில் ஃபேன் கட்டிக்கொண்டு பறக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? எட்டு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுகிறார்களே, சோம்பேறிகளா?
– ஒரு வாசகர், ஷார்ஜா

அது பாராமோட்டார். விங் கிட்டத்தட்ட அதே வகை, முதுகில் இன்ஜின், அதனால் மலையும் வேண்டாம், தெர்மலும் வேண்டாம். தெர்மலுக்குப் பயந்துதான் எட்டு மணிக்கு மூட்டை கட்டுகிறார்கள். இன்ஜின் இருப்பவர்களுக்கு வேண்டியது அசையாத காற்று, அது வளைகுடாவில் அதிகாலையிலும் சூரியன் மறைகிற நேரத்திலும்தான் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள். ஆசை இருந்தால் அவர்களிடமே போய்ப் பேசுங்கள், முறைப்படி வகுப்பும் அனுமதியும் இல்லாமல் பழைய விங் வாங்கி நீங்களாக முயலாதீர்கள். அங்கே வான்வெளிச் சட்டம் கடுமை, விமான நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில்.

உயரம் என்றாலே தலைசுற்றும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கமே போகமாட்டேன். எனக்கு இதெல்லாம் சரிப்படுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

சரிப்படலாம். மொட்டைமாடி பயம் பல பைலட்களுக்கே உண்டு. கண்ணுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சுவர் நேராக இறங்கும்போதுதான் பலருக்குத் தலை சுற்றும், ஹார்னெஸில் தொங்கும்போது அப்படி ஒரு கோடு இல்லை. குமட்டல் வேறு விஷயம், அது வட்டமடிப்பதால் வருவது. சாப்பிடாமலும் போகாதீர்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

சொந்த விங் வைத்திருக்கிறேன். மணலில் பயிற்சி செய்தால் துணி கெட்டுவிடும் என்று ஒருவரும், மணல்தான் பாதுகாப்பு என்று ஒருவரும் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், பெங்களூரு

இரண்டு பேர் சொல்வதும் சரி. இக்கீக்கேக்குத் தெற்கே பாலோ புக்கே என்று ஒரு மணல் சரிவு இருக்கிறது, விழுந்தாலும் அடிபடாது என்பதால் உலகமே அங்கே போய் விங்கைத் தூக்கி இறக்கிப் பழகுகிறது. விலையைக் கொடுப்பது விங். மணல் விங்கின் முன்வாய் வழியே உள்ளே போய்ப் பின்விளிம்பில் ஒதுங்கிக்கொள்ளும். கையால் தடவிப் பாருங்கள், ஓரத்தில் நீளமாக ஒரு தடிப்பு தெரியும். அந்தக் கனத்தோடு பறந்தால் விங் மெதுவாகும், தூக்கும்போது பின்னாலேயே தங்கும், திடீரென்று பறப்பதை நிறுத்திவிடவும் கூடும். பல விங்குகளில் இரண்டு நுனியிலும் வெல்க்ரோ வைத்த சின்ன வாய் இருக்கும், மணலை அந்தப் பக்கமாகத் தட்டித் தட்டி ஒதுக்கி அந்த வழியே கொட்டிவிட வேண்டும். பொறுமை வேண்டும், அறைக்கு வந்து செய்யலாம் என்று மடித்துவிடாதீர்கள், மடிப்பில் மணல் உப்புத்தாள் போலத் துணியைத் தேய்க்கும். கடலோரம் என்றால் நூலில் உப்பும் ஏறும். இதையெல்லாம்விடப் பெரிய எதிரி வெயில். தூக்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் விங்கை விரித்துப் போட்டுவிட்டு அரட்டையடிப்பதை நிறுத்தினாலே துணியின் ஆயுள் கூடும். வருடத்துக்கு ஒருமுறை துணியின் வழியே காற்று கசிகிறதா என்று சோதித்துவிடுங்கள், ரிசர்வ் பாராசூட்டையும் அப்போதே பிரித்து மடித்துவிடலாம்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் மேலேயே இருக்கிறார்களாம். அவசரம் வந்தால்?
– பெயர் வேண்டாம், சென்னை

எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம், நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆண்கள் ஆணுறை போன்ற ஒன்றை மாட்டி அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் கால் வழியாக வெளியே விட்டுவிடுவார்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். பெண்களில் பெரும்பாலோர் பெரியவர்களுக்கான டயப்பர். இதில் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் போகிறவர்களும் உண்டு, பாலைவனத்தில் அதுதான் முட்டாள்தனம். காய்ந்த காற்றில் வியர்வை வந்ததே தெரியாமல் உலர்ந்துவிடும், மூன்றாவது மணி நேரத்தில் தலை வலிக்கும், முடிவுகள் தப்பும். மூன்று லிட்டர் தண்ணீர்ப் பையை ஹார்னெஸின் பின்னால் வைத்து, குழாயைத் தோள்பட்டையில் கிளிப் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் கழுத்துப் பக்கம் ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும், ஐயாயிரம் மீட்டரில் வெளியே விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும்.